பரலும் மதகுக் கல்லும்

வணக்கம் நேயர்களே. மாறிவரும் கொழும்பையும் சிற்பக் கலையையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு தார்ப் பரலில், அதாவது தார் அடைத்து வரும் இரும்புப் பீப்பாயில் இருந்து தொடங்குகிறேன்.

போர் நடந்த தொண்ணூறுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்கு அந்தப் பரலைத் தெரியாமல் இருக்காது. காலி வீதியோரம் இராணுவச் சோதனைச் சாவடிகளில் வரிசையாக நிறுத்தி, பச்சையும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாக வர்ணம் அடித்திருப்பார்கள். பஸ் மெதுவாகும்போதே கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். அடையாளம் என்று கலை உலகில் பெரிதாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு அது முதலில் லமினேற் பண்ணின ஓர் அட்டை, ஐசி என்கிற தேசிய அடையாள அட்டை. "ஐசி எடுத்தனியா?" என்று கேட்ட பிறகுதான் அம்மா கதவைச் சாத்துவார்.

சந்திரகுப்த தேனுவர என்ற சிங்களக் கலைஞர் 1997இல் அதே மாதிரிப் பரல்களைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்தார். ‘பரலிசம்’ என்று பெயரும் வைத்தார். தெருவில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன சாமான், உள்ளே வந்ததும் நம்மை முறைத்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையை நினைந்து ஆண்டுதோறும் அவர் கண்காட்சி வைத்து வருகிறார்.

சாவடிகள் போனது நல்லதுதான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மகளுக்குக் காட்டலாம் என்று போனால், சாவடி நின்ற இடத்தில் தொடர்மாடிக்குக் கார் ஏறும் சரிவு. அவளுக்கு நான் கதை விடுவதாகவே பட்டது.

அப்புறம் அவளை நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு கற்பலகை இருக்கிறது. தலைப்பில் இரண்டு டிராகன்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே நாட்டுவித்தது. அதில் உள்ள ஆண்டு 1409. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னிலங்கையில் உள்ள தெவிநுவரைத் திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்லியிருக்கிறது. 1911இல் காலி நகரத்தில் கண்டெடுத்தபோது, அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது! அதன் மேல் எத்தனை மாட்டு வண்டி ஏறி இறங்கியதோ.

மகள் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, உங்கட பரலும் எங்கயாவது மூடியாக் கிடக்குமோ?" என்றாள்.

எங்கள் ஒழுங்கை முனையில் பூக்கன்று விற்பவர் ஒரு பரலில் தண்ணீர் பிடித்து வைக்கிறார். துருவுக்கு இடையில் கொஞ்சம் பச்சை தெரிகிறது. எங்கே வாங்கியது என்று அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை.