ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

(பெரம்பூரில் ஒரு நூலக வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

அனைவருக்கும் மாலை வணக்கம். நான் வாயைத் திறந்ததும் மைக் கீச்சென்று கத்தியதே, அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து வந்தான். ஸ்பீக்கர் பாக்ஸைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் போய் உட்கார்ந்துகொண்டான். நன்றி தம்பி. கூட்டம் தொடங்கும் முன் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டவர் அவனுடைய அம்மா. "சார், பிளஸ் டூ முடிச்சிருக்கான். கவுன்சலிங்ல சி.எஸ்., அதான் கம்ப்யூட்டர் சயின்ஸ், எடுக்கலாமா, வேண்டாமா? ஏ.ஐ. வந்து எல்லா வேலையும் போயிடும்ங்கிறாங்களே" என்று கேட்டார். பேசி முடித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா என்று தப்பித்து வந்திருக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் நிபுணன் இல்லை. ஓய்வுபெற்ற வங்கிக்காரன். இயந்திரம் வருகிறது என்று ஒருமுறை பயந்து, கொடி பிடித்து, பிறகு அதே இயந்திரத்தோடு பல வருஷம் குப்பை கொட்டியவன். இந்த மேடைக்கு என் தகுதி அவ்வளவுதான்.

1980இல் பாரிமுனைப் பக்கம் ஒரு கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். 1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருஷம், வங்கிகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவருவது பற்றி ரங்கராஜன் குழுவின் அறிக்கை. நாங்கள் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்த்தோம். கம்ப்யூட்டர் வந்தது, வேலை பெருகியது, எல்லாம் சுபம் என்று இன்றைக்கு மேடைகளில் சொல்கிறார்கள். 2000-01இல் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறியதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் கம்ப்யூட்டரால் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு. என் பக்கத்து மேசைக்காரர் அப்படிப் போனவர்தான். ஆகவே பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே சமயம் ஜோசியத்தையும் நம்பாதீர்கள். ஏ.ஐ. ஆராய்ச்சியாளர் ஜெஃப்ரி ஹிண்டன் சாதாரண ஆள் இல்லை. 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் 2016இல், இனிமேல் ஸ்கேன் படிக்கிற டாக்டர்களை, அதாவது ரேடியாலஜிஸ்ட்களைப் பயிற்றுவிப்பதை நிறுத்திவிடலாம், ஐந்து வருஷத்தில் இயந்திரமே ஸ்கேனை இன்னும் நன்றாகப் படித்துவிடும் என்றார். ஐந்து வருஷம் போய் அதற்கு மேலும் ஆகிவிட்டது. ஸ்கேன் சென்டரில் இன்றைக்கும் டாக்டர் கையெழுத்துக்காகத்தான் காத்திருக்கிறோம். இயந்திரம் படிக்கவில்லை என்பதல்ல, நன்றாகவே படிக்கிறது. ஆனால் படம் படிப்பது அந்த டாக்டரின் வேலையில் ஒரு துண்டுதான். எந்த ஸ்கேன் வேண்டும், போன வருஷத்துப் படத்தில் இருந்ததைப் பொருட்படுத்த வேண்டுமா, ஊசி போட்டுச் சதையெடுத்துப் பார்க்கலாமா என்று இன்னொரு டாக்டரோடு வாதாடுவதும் அவர் வேலைதான். கடைசியில், தப்பானால் என்னைக் கேளுங்கள் என்று பெயர் போடவும் ஓர் ஆள் வேண்டும்.

நம்மூர் உதாரணமும் உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்தே சொல்லும் நிரலைக் கூகுள் செய்தபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் நம் சங்கர நேத்ராலயாவும் அந்த ஆய்வில் இருந்தன. நிரல் கண் மருத்துவர்களுக்கு இணையாகப் படித்தது. சரி, படித்தாயிற்று. "இப்பதானே சார் சீசன், அடுத்த மாசம் வர்றேன்" என்று ஆட்டோவை உதைத்துக் கிளப்புகிற மனிதரை மறுநாளே லேசர் சிகிச்சைக்கு வரவழைப்பது யார்? அங்கே ஒரு நர்ஸ் தேவைப்படுகிறார். அந்த ஆட்டோக்காரரின் மனைவியின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிற நர்ஸ்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். லெட்ஜர் காலத்தில் கணக்கு டேலி ஆகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. புதிதாக வந்த எனக்கு ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தார்: முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கும். 540 என்று எழுத வேண்டியதை 450 என்று எழுதியிருப்பாய்; வித்தியாசம் 90. வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதியைத் தேடு. வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டிருப்பாய். இந்த வித்தை இன்றைக்கு யாருக்கும் வேண்டாம். கம்ப்யூட்டர் தப்பே விடாமல் கூட்டிவிடுகிறது. ஆனால் அந்த 90 ரூபாயைத் தேடி நானூறு பக்கம் புரட்டும்போது வேறொன்று தானாக நடந்துகொண்டிருந்தது. இவர் ஒன்றாம் தேதி போட்டு மூன்றாம் தேதி எடுத்துவிடுவார், இந்த அம்மா ஆடியில் மட்டும் எடுப்பார் என்று மனிதர்கள் மனதில் பதிந்தார்கள். யாரும் அதைப் பாடமாக நடத்தவில்லை.

என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் இப்போது நகரத்தில் ஒரு கிளையில் இருக்கிறாள். லெட்ஜரைக் கண்ணால் பார்க்காதவள். அவளுக்குக் கேஷ் கவுண்டர்தான் பள்ளிக்கூடம். மூன்று வருஷம் பென்ஷன்காரர்களோடு மல்லுக்கட்டினாள். சில மாதங்களுக்கு முன் எழுபது வயதுக்காரர் ஒருவர் எஃப்.டி.யை உடைக்க வந்திருக்கிறார். படிவம் சரி, கையெழுத்து சரி, ஓ.டி.பி.யும் வந்துவிட்டது. எதற்கு சார் என்று கேட்டிருக்கிறாள். பையனுக்கு வீடு வாங்க என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார்.

அவளுக்கு அங்கேதான் உறுத்தியது. பையனுக்கு வீடு வாங்கப் பணம் எடுக்கிற அப்பா அதோடு நிறுத்துவாரா? மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம், கிழக்கு பார்த்த வாசல், மருமகளுக்குத்தான் கிச்சன் சின்னதென்று குறை என்று கேட்காமலே ஒப்பிப்பார். இவர் ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் சட்டைப் பையில் இருந்த போனை ஒரு தடவை குனிந்து பார்த்தார். அவள் ஒன்றும் பேசாமல் சலான் பின்பக்கத்தில், "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதித் தள்ளினாள். அவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பைக்குள் போன் கால் துண்டிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம் என்று இரண்டு நாளாக அவரைத் தூங்கவிடாத கும்பல். பிறகு போனை அணைக்க வைத்து, அவளே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்துக் கொடுத்தாள்.

சந்தேகமான பணப்பரிமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் வங்கிகளில் இருக்கின்றன. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட கிச்சன், எந்தப் பதிவிலும் இல்லாத தகவல். வழக்கமாக என்ன சொல்வார்கள் என்று ஆயிரம் பேரிடம் கேட்டவளுக்குத்தான் சொல்லாதது காதில் விழும்.

என் கவலையும் இங்கேதான் இருக்கிறது. அவளுடைய இன்றைய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளுமா என்பதல்ல. அந்த மூன்று வருஷக் கேஷ் கவுண்டரை எடுத்துக்கொண்டால், அடுத்த பெண் எங்கே பழகுவாள்? பெரம்பூர்க்காரர்களுக்கு அப்ரண்டிஸ் என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. 1955இலிருந்து ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிற இடம் இது. யாரும் முதல் நாளே பெட்டிக்கு வெல்டிங் வைத்ததில்லை. அரம் போட்டார்கள், இரும்புத்தூள் தின்றார்கள். ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் ஃப்ரெஷருக்குக் கொடுக்கிற சின்னச் சின்ன பிழை திருத்தம், டெஸ்டிங், குறிப்பு எழுதுவது எல்லாம்தான் அவர்கள் போடுகிற அரம். இயந்திரம் அதைத்தான் முதலில் நன்றாகச் செய்கிறது. பத்து வருஷ அனுபவசாலி எங்களுக்கு வேண்டும், ஒரு வருஷ ஆள் வேண்டாம் என்றால், ஒன்றாம் வருஷம் இல்லாமல் பத்தாம் வருஷம் எப்படி சார் வரும்?

சதுரங்கத்தைப் பாருங்கள். 1997இல் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. இன்றைக்கு உங்கள் போனில் இருக்கும் நிரலை உலக சாம்பியனாலும் ஜெயிக்க முடியாது. ஆட்டம் செத்ததா? நம்மூர்ப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருஷங்களில் அவரைக் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. எல்லோரும் எஞ்சினைக் கேட்டுப் படித்த காலத்தில் இந்தப் பையன் தானே யோசித்து, தானே தப்பு விட்டு, அப்புறம்தான் எஞ்சினிடம் போனார்.

ஏ.சி. மெக்கானிக், பிளம்பர் இவர்களைப் பற்றி நிறையப் பேசலாம், நேரமில்லை. குழந்தைக்குச் சுலபமானது இயந்திரத்துக்குக் கஷ்டம் என்ற பொருளில் ரோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இலேயே எழுதிவிட்டார். கத்திரி வெயிலில் மூன்றாவது மாடி சன்ஷேடில் இடுப்பில் கயிறோடு நின்று, சோப்புத் தண்ணீர் தடவி எந்த மூட்டில் குமிழி வருகிறது என்று பார்க்கிறவரைப் பார்த்தால் மொராவெக் சொன்னது புரிந்துவிடும். ஒன்று மட்டும் எரிச்சலோடு சொல்கிறேன். கவிதை எழுத இயந்திரம் வந்துவிட்டது. 2013இல் தடைச் சட்டம் போட்ட பிறகும், சாக்கடைக் குழிக்குள் மனிதன் இறங்கிச் சாகிற செய்தி நிற்கவில்லை. இயந்திரம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அது. அதற்கு ரோபோவும் செய்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் வாங்கி இறக்கத்தான் மனம் வரவில்லை.

சரி அம்மா, உங்கள் கேள்வி. சற்று முன் டீ இடைவேளையில் தம்பியிடம் கேட்டேன், மைக் ஏன் கத்தியது என்று. "பாக்ஸ் மைக்கைப் பார்த்து நின்னுச்சு சார், அதான்" என்றான். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். அவன் சித்தப்பா மைக் செட், பந்தல் போடுகிறவராம். லீவு நாளில் ஒயர் சுற்றப் போவானாம். வாசலில் இத்தனை நேரம் பேசினீர்களே, இதைச் சொல்லவில்லையே அம்மா? சி.எஸ். எடுக்கட்டும், தாராளமாக எடுக்கட்டும். ஆடி மாதம் வருகிறது. தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் திருவிழா. சித்தப்பா கூப்பிட்டால் மட்டும், படிப்பு கெடும் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.