கேஷ் எங்கட காசா?

வணக்கம் உறவுகளே. நான் இப்ப நிற்பது யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், வாகனச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. இன்றைக்கு ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கதைப்போம். அது எங்கட ‘காசு’தான், ஆங்கிலேயர் எங்களிடமிருந்து எடுத்தது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கனபேர் எனக்கும் அனுப்புகிறீர்கள். அதில் பாதி பிழை. மற்றப் பாதி உண்மை, அது அவ்வளவு வடிவான கதை.

முதலில் பிழையைப் பார்ப்போம். கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷுக்கு வேர் லத்தீன் மொழியின் ‘கப்சா’, அதாவது பெட்டி. இத்தாலிய மொழியில் அது ‘காஸ்ஸா’ ஆகி, பிரெஞ்சிலும் உருமாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது காசு வைக்கிற பெட்டிக்கும் அதுதான் பெயர், உள்ளே கிடக்கிற காசுக்கும் அதுதான் பெயர், பிறகு பெட்டி கழன்றுபோய்க் காசு மட்டும் மிஞ்சிவிட்டது. கேஷியர் என்றால் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர். நாங்கள் விழுங்குகிற மாத்திரைக் ‘கேப்சூல்’ கூட அதே வேர்தான், சின்னப் பெட்டி.

சரி, இனி எங்கட காசு. ஆங்கில அகராதியைப் புரட்டினால் எழுத்து மாறாமல் இன்னொரு ‘கேஷ்’ இருக்கும், அதுதான் தமிழிலிருந்து போனது. போர்த்துக்கேயர் ‘காசு’ என்று கேட்டதைத் தங்கள் வாயில் ‘காய்ஷா’ ஆக்கினார்கள், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் காய்ஷாதான்! இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று கலந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்களிடமிருந்து அது ஆங்கிலேயருக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு ‘பணம்’ என்ற நாணயம், 42 பணம் ஒரு ‘வராகன்’ என்ற பொன் நாணயம், 1818இல் ரூபாய்க்கு மாறும்வரை இந்தக் கணக்குத்தான். அதில் வரும் காசு, கையில் கிடக்கிற மொத்தப் பணமில்லை, ஆகச் சின்னச் செப்பு நாணயம்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட நாணயங்களைக் கண்ட ஆங்கிலேயர் அவற்றையும் கேஷ் என்றே அழைத்தார்கள். நாணயம் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள், சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர்!

காசின் வயதைக் கேட்டால் குறுந்தொகையின் 67ஆவது பாட்டைப் பாருங்கோ. கிளி வாயில் பிடித்த வேப்பம்பழத்துக்கு, புதுநூல் கோக்க விரல்நகத்தில் பிடித்த பொற்காசை உவமை சொல்கிறார் அள்ளூர் நன்முல்லையார். ஆங்கிலம் என்ற மொழியே பிறக்காத காலம் அது.