ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும்: விளையாட்டு விழாவுல ஆர்தர் ஆஷ் பத்திப் பேசினது

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, பிரின்சிபால் மேடம் அவர்களே, காலையில இருந்து வெயில்ல நின்னு பந்தல் போட்ட பிடி சார் அவர்களே, முன் வரிசை ஹெச்.ஓ.டி.களே (உங்களைத் தனியா சொல்றதுக்குக் காரணம் இருக்கு, வரேன்), மைக் செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு ரொம்ப நன்றி, இந்தப் புழுக்கத்துல அதை மடிச்சு வச்சுட்டுப் பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

மூணு விஷயம் பேசணும்னு வந்தேன். ஒரு ஆளு, ஒரு பழமொழி, அப்புறம் நம்ம காலேஜ் டென்னிஸ் கோர்ட்டு.

ஆளு ஆர்தர் ஆஷ், அமெரிக்காவோட கறுப்பின டென்னிஸ் வீரர். லாஸ் ஏஞ்சலஸ்ல இவர் படிச்ச யூ.சி.எல்.ஏ. யுனிவர்சிட்டி 1984ல தன்னோட விளையாட்டுக்காரங்களுக்கு ஹால் ஆஃப் ஃபேம்னு ஒரு கௌரவப் பட்டியல் ஆரம்பிச்சப்போ முதல் பேட்ச்லயே இவர் பேரு. 1975ல விம்பிள்டன் ஃபைனல்ல ஜிம்மி கானர்ஸை 6-1, 6-1, 5-7, 6-4னு அடிச்சாரே அவரேதான், அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா படிச்ச இடத்துக்கு 1965 தான் பெருசு, அந்த ஒரே வருஷத்துல என்.சி.ஏ.ஏ., அதாவது அமெரிக்கக் காலேஜுங்களுக்கான போட்டியில சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம் பட்டம்னு மூணும் வந்துச்சு. எனக்கு அதைவிடப் பெருசு 1966, பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டிகிரிய முடிச்சுட்டார்.

இப்போ பழமொழி. ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். எங்க பேசினாலும் இதைத்தான் சொல்றேன்னு வீட்டுல கிண்டல் பண்றாங்க, பரவால்ல.

ஆஷ் பொறந்தது 1943ல, வர்ஜீனியாவுல ரிச்மண்ட். இவருக்கு ஆறு வயசு இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க. அப்பா கறுப்பினத்தவங்களுக்குன்னு ஒதுக்கின பார்க்குக்கு காவல், வீடும் அதுக்குள்ளயே, வாசல்லயே கோர்ட்டு. ரான் சாரிட்டின்னு ஒருத்தர் கத்துக்கொடுத்தார், பையன் தேறிட்டான்னதும் லிஞ்ச்பர்க்ல டாக்டர் ஜான்சன் வீட்டுக்கு அனுப்பினாங்க, டென்னிஸ் வீராங்கனை அல்தியா கிப்சனை உருவாக்கினாரே அந்த டாக்டர். அங்க போனா ரோஜாச் செடிக்கு வேலை பாக்கணும், நாய்க்கூண்டு கழுவணும், அப்புறம்தான் டென்னிஸ். நம்ம பையன் முதல் தடவை போனப்போ என்ன பண்ணான் தெரியுமா, ஒவ்வொரு ஷாட்டுக்கும் "சாரிட்டி சார் இப்படிச் சொல்லித் தரலையே"ன்னு நின்னுட்டான்! டாக்டர் சண்டை போடல, அப்பாவுக்கு ஃபோன் அடிச்சுட்டார். அப்பா வண்டி எடுத்துக்கிட்டு அவ்வளவு தூரம் வந்து, இனிமே டாக்டர் சொல்றதுதான்னு சொன்னார். முடிஞ்சுது கதை, அப்புறம் வாயே தொறக்கல. (இங்க பின் வரிசையில யாரோ "எங்கப்பா வந்தா பெல்ட்டோட வருவார்"னு கத்தினான், சிரிப்பு அடங்க நேரமாச்சு.) அந்த டாக்டர் வச்ச ரூல் ஒண்ணு கேளுங்க. எதிராளி அடிச்ச பந்து கோட்டுக்கு ரெண்டு இன்ச் வெளிய விழுந்தாலும் உள்ளன்னே நினைச்சு ஆடு. ஏன்னா கறுப்புப் பையன் ஒரு தடவை குரலை உசத்தினா போதும், அதையே சாக்கா வச்சு டோர்னமெண்ட் கதவை மூடிடுவாங்க.

அதே வர்ஜீனியாவுலதான் நம்ம சென்னையில வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் காலேஜுக்கு ஆடி 2007, 2008னு ரெண்டு வருஷம் என்.சி.ஏ.ஏ. சிங்கிள்ஸ் ஜெயிச்சார். காலம் எப்படி மாறிருக்கு பாருங்க.

இப்போ ஹெச்.ஓ.டி.கள் விஷயத்துக்கு வரேன். 1977ல ஆஷ் நியூயார்க் டைம்ஸ்ல கறுப்பினப் பெத்தவங்களுக்கு எழுதினார், பிள்ளைங்கள லைப்ரரிக்கும் அனுப்புங்கன்னு. விம்பிள்டன் ஜெயிச்சவர் அதை எழுதறார்! இங்க என்ன நடக்குது? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு குடுக்கறோம், சோனல் மேட்ச் அன்னிக்கே இன்டர்னல் எக்ஸாம் வைக்கறோம், மேட்ச்சுக்குப் போனதுக்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) லெட்டரைத் தூக்கிக்கிட்டுப் பிள்ளைங்க ஸ்டாஃப் ரூம் ஸ்டாஃப் ரூமா அலையுதுங்க, கடைசியில கையில கப்பும் மார்க் ஷீட்ல அரியரும். ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும்னு சொன்னேன்ல, மேட்ச்சுக்குப் போன பிள்ளைக்கு ரீ-டெஸ்ட் வைங்க, நான் கேக்கறது அவ்வளவுதான். சும்மா பாஸ் போடச் சொல்லல, ஆஷே அதை ஒத்துக்க மாட்டார், விளையாடறவனுக்குப் படிப்புல அளவுகோலைக் குறைக்காதீங்கன்னு கடைசி வரைக்கும் வாதாடின மனுஷன்.

கோர்ட்டு பத்தி பேச நேரமில்ல, பிடி சார் சொல்லுவார், வலை மட்டும் மாத்துங்க. மனு ஒண்ணு டைப் பண்ணி வாசல் மேஜையில வச்சிருக்கேன். பேரு, ரோல் நம்பர், எந்த மேட்ச்சுக்கு எந்த எக்ஸாம் போச்சுன்னு எழுதுங்க. கடைசி வரி காலியா விட்டிருக்கேன், அது பிரின்சிபால் மேடம் கையெழுத்துக்கு. பேனாவும் வச்சிருக்கேன் மேடம்.