மயிலிறகும் எடைமேடையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிக்கப் டிரக்கின் முதுகில் ஒரு சிறு வீட்டை ஏற்றிக்கொண்டு, குழந்தைகளோடு சரளைச் சாலைகளிலும் மலைப்பாதைகளிலும் பல வருடங்களாக அலைந்துகொண்டிருப்பவள் நான். வண்டி ஓட்டுவது என் கணவர். கணக்குப் பார்ப்பது நான். அந்தச் சிறு வீட்டின் பெயர் பாப்-அப் கேம்பர். அதை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு, அதுவும் பெரும்பாலும் கணக்குதான். பயந்துவிடாதீர்கள், கூட்டலும் கழித்தலும் மட்டுமே வரும். நான்கு விஷயங்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: எடை, கேம்பரின் எலும்புக்கூடான சட்டம், கூரை, கடைசியாகப் பெட்டிக்குள் இருக்கும் மின்சாரமும் அடுப்பும்.

பாப்-அப் கேம்பரைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிரக்கின் பின்தொட்டியில் உட்காரும் பெட்டி அது. ஓடும்போது கூரை தாழ்ந்து, டிரக்கின் தலைக்குச் சற்று மேலே நிற்கும். தங்கும் இடம் வந்ததும் கூரையைத் தூக்கினால், ஆர்மோனியத்தின் துருத்தி விரிவதுபோல நான்கு பக்கமும் துணிச்சுவர் விரியும். ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஓட்டுநர் தலைக்கு மேல் நீண்டிருக்கும் பகுதியில் படுக்கை. கூரை தாழ்ந்திருப்பதால் காற்று தடுப்பது குறைவு, மரக்கிளை இடிப்பது குறைவு, வளைவில் வண்டி சாய்ந்தாடுவதும் குறைவு. கரடுமுரடான பாதைக்கு உயரமான கேம்பரைவிட இது தோதாக இருப்பது இதனால்தான்.

இப்போது எடை. பலரும் கேம்பரைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அப்புறம் டிரக் தாங்குமா என்று யோசிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் பெரும்பாலும் ஒரு சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். எங்கள் டிரக்கில் 780 கிலோ. கேம்பரின் விளம்பரத்தாளில் எடை 450 கிலோ. மீதி 330 இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தோம்.

கொஞ்சம் கூடவே கழித்துப் பாருங்கள். நாங்கள் இருவரும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து 210 கிலோ. மீதி 120. தண்ணீர்த் தொட்டி 75 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும். மீதி 45. எரிவாயு உருளை, உள்ளே ஒன்பது கிலோ வாயு, உருளையின் இரும்பு எட்டு கிலோ, ஆக 17. மீதி 28. ஈய அமில பேட்டரி ஒன்று, 30 கிலோ. முடிந்தது. கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. இன்னும் ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு பிடி அரிசிகூட ஏற்றவில்லை.

விளம்பரத்தாளில் இருந்தது வெற்றுப் பெட்டியின் எடை. குளிர்பெட்டி, பக்கவாட்டுப் பந்தல், கேம்பரை டிரக்கிலிருந்து இறக்கி நிறுத்தும் நான்கு ஜாக்கிகள் எல்லாம் கூடுதல் பொருள்கள் என்று தனித்தாளில் இருந்தன. அந்தத் தாளில் விலை இருந்தது, எடை இல்லை.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள், ஒரு கல்குவாரிக்குப் பக்கத்தில் லாரிகள் எடை போடும் எடைமேடையைப் பார்த்தோம். வேடிக்கைக்காக ஏறினோம். வண்டியின் மொத்த எடை வரம்பு 3,000 கிலோ. மேடையில் வந்த எண் 3,190. மேடைக்காரர் எங்களைப் பார்த்தார், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்றும் என் கைப்பையில் இருக்கிறது.

அன்று மாலை நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மீன்பிடிப்பவர்கள் வைத்திருப்பார்களே, கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் சிறு தொங்கு தராசு, அதை ஒரு கிளையில் கட்டி, வண்டியில் இருந்த ஒவ்வொன்றையும் நிறுத்தேன். வார்ப்பிரும்பு வாணலி மூன்று கிலோ. கணவரின் கருவிப்பெட்டி 22 கிலோ. அதில் எங்கள் வண்டிக்குப் பொருந்தாத ஸ்பானர்கள் பாதி. பின்னிருக்கைக்கு அடியில் ஒரு துணிப்பை கிடந்தது, இழுத்தால் வரவில்லை. திறந்து பார்த்தால் கூழாங்கற்கள். அப்போது ஏழு வயதான மகன் இரண்டே நாளில் சேர்த்தவை. பதினொரு கிலோ! 'அம்மா, இது ஒவ்வொன்றும் வேற வேற நிறம்' என்றான். நான்கு கற்களுக்கு அனுமதி கொடுத்து மீதியை ஆற்றிலேயே போடச் சொன்னேன். இன்றுவரை அந்த வருத்தம் அவனுக்குப் போகவில்லை.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். செய்து என்ன பயன்? மயிலிறகு கேம்பருக்குள் வரும்போது அது காபி வடிகட்டியாகவும், மடக்கு நாற்காலியாகவும், 'இருக்கட்டுமே, எடை என்ன பெரிய எடை' என்ற பேச்சாகவும் வருகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் பின்பக்கம் அமுங்கினால், பட்டை ஸ்பிரிங்குக்கு மேல் காற்றுப்பைகள் மாட்டிவிட்டால் போதும் என்பார்கள். வண்டி நிமிரும், உண்மை. ஆனால் அச்சு, பிரேக், சக்கரம், சேசிஸ் எதுவும் மாறவில்லையே. முதுகு வலிக்காரர் இறுக்கமாக இடைக்கச்சை கட்டிக்கொள்வதால் மூட்டை சுமக்கும் வலிமை வந்துவிடாது. டயரையும் பார்த்துவிடுங்கள். டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும், சுமைக் குறியீடு. 121 என்றிருந்தால், உரிய காற்றழுத்தத்தில் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். 100 என்றிருந்தால் 800 தான்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கட்டை வண்டி பார்த்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்கும், மாட்டின் கழுத்தில் பிடி இருக்காது. டிரக்கிலும் அதே கதைதான். கேம்பரின் எடை மையம் பின்அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். பின்னால் போனால் முன்சக்கரங்கள் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு ஓடும், ஸ்டீயரிங் கைக்குள் மிதக்கும். பல கேம்பர்களின் பக்கச்சுவரிலேயே எடை மையத்தை ஓர் அம்புக்குறியால் காட்டியிருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி முன்பக்கம், தாழ்வாக இருக்கும் கேம்பராகப் பாருங்கள். குடும்பத்துக்காக இரண்டு வரிசை இருக்கை உள்ள டிரக் எடுத்தால் பின்தொட்டி பெரும்பாலும் குட்டையாக வரும். பெட்டி பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே இந்தக் கணக்கை இரண்டு முறை பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் கேம்பருக்குள் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டலாமே என்று கேட்காதீர்கள். சீட் பெல்ட் டிரக்கின் இருக்கையில்தான் இருக்கிறது.

எடையிலேயே பாதி நேரம் போய்விட்டது, தெரிகிறது. வீட்டிலும் என்மேல் இதே புகார்தான்.

அடுத்தது சட்டம், அதாவது பெட்டியின் எலும்புக்கூடு. மரமா, அலுமினியமா, நடுவில் நுரை வைத்து இருபுறமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டிய பலகையா என்று பெரிய வழக்கே நடக்கிறது. என் பார்வையில் பொருளைவிட மூட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குண்டும் குழியுமான பாதையில் டிரக்கின் பின்தொட்டி தனியாக, தலை தனியாக முறுக்கிக்கொள்ளும். பின்னால் வரும் வண்டியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பெட்டியும் கூடவே முறுக்கும். மரச்சட்டத்தில் திருகாணி ஆடி ஆடித் துளை பெரிதாகும், அதன் வழியே நீர் இறங்கும், ஒரு நாள் மூலை உளுத்துப்போயிருக்கும். ஒழுங்காகப் பற்றவைத்த அலுமினியச் சட்டம் வளைந்து கொடுத்துத் திரும்பும். ஆனால் அதற்கும் களைப்பு உண்டு, பற்றவைப்பு மோசமாக இருந்தால் அங்கே விரிசல் விழும். உலோகம் குளிரைக் கடத்துவதால் காலையில் சட்டம் ஓடும் இடமெல்லாம் உள்பக்கம் வியர்த்திருக்கும். நுரைப்பலகை இலேசு, கதகதப்பு, மூட்டும் குறைவு. ஆனால் பாறை இடித்து ஓட்டை விழுந்தால் ஆணி அடித்துச் சமாளிக்க முடியாது. கைகளில் காசும் நல்ல செய்நேர்த்தியும் சேர்ந்து கிடைத்தால் நான் நுரைப்பலகை பக்கம். இல்லையென்றால் பற்றவைத்த அலுமினியம்.

பழைய கேம்பர் வாங்குபவர்களுக்கு ஒரு வழி. தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால், அங்கே பலகை ஒட்டு விட்டிருக்கிறது. படுக்கைக்கு அடியில் மூலைகளைக் கட்டைவிரலால் அமுக்குங்கள். கதவை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் உள்ளே உட்காருங்கள். நனைந்து காயாத துணியின் வாடை வந்தால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவர் அகர்பத்தி ஏற்றி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

பெட்டியை டிரக்கோடு பிணைக்கும் இடம் இன்னொரு மூட்டு. நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் என்னும் முறுக்குக் கொக்கிகள் இருக்கும். நெளிதகரம்போல அலையலையாகக் கிடக்கும் சரளைச் சாலையில் அரைநாள் ஓடினால், இறுக்கிய கொக்கி கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்துவிடும். அதற்காக ஆத்திரத்தோடு முறுக்கினால் கொக்கி மாட்டியிருக்கும் தகடு பிய்த்துக்கொண்டு வரும். அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் வைத்த கொக்கிகள் நல்லது. பெட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் விரித்தால் வழுக்காது. டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து நான்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது மகளின் வேலை.

தூசியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதல் சரளைச் சாலை நாளில், எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடிக்கொண்டு போனோம். மாலையில் கதவைத் திறந்தால் மெத்தை, தட்டு, பல்துலக்கி எல்லாவற்றின் மேலும் சலித்த மாவுபோல ஒரு படிவு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்றை அது உறிஞ்சுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கிடைத்த கீறல் வழியெல்லாம் தூசிக்காற்று நுழைகிறது. எவ்வளவு இறுக்கி மூடுகிறோமோ அவ்வளவு உறிஞ்சும். மாற்று என்னவென்றால், முன்பக்கம் உயரத்தில் வடிகட்டி வைத்த ஒரு சிறு காற்றுவாய். ஓட்டத்தில் அது உள்ளே காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதனால் கீறல்கள் வழியே காற்று வெளியேதான் போகும். கதவின் ரப்பர் விளிம்பும் சரியாக இருந்தால் பிரச்சினை பெருமளவு தீரும்.

கூரை. கையால் தூக்குவது, கைப்பிடி சுழற்றுவது, மோட்டார் என்று பல வகை. துணிச்சுவரே இல்லாமல், சம்படத்தின் மூடிபோல மேல்பாதி கீழ்ப்பாதியின் மேல் கவிழ்ந்து, ஹைட்ராலிக்கில் எழும்பும் கெட்டிச்சுவர்க் கேம்பர்களும் 1950களிலிருந்தே இருக்கின்றன, அலாஸ்கன் என்ற பெயரில். எடைக்குத் துணி, குளிருக்குக் கெட்டிச்சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். என் கட்சி கையால் தூக்குவதுதான். மோட்டார் நடுக்காட்டில் நின்றுபோனால் படுக்கைக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். ஆனால் வாங்கும் முன் உங்கள் வீட்டில் உயரம் குறைந்த பெரியவர் யாரோ, அவரைத் தூக்கச் சொல்லுங்கள். கூரையில் சோலார் பலகையை ஏற்றிய பிறகும் தூக்கச் சொல்லுங்கள். தாங்கிப் பிடிக்கும் வாயுத்தண்டுகள் வயதாக ஆகச் சக்தி இழக்கும், குளிரிலும் சோம்பும். துணியை ஈரத்தோடு மடித்தால் அடுத்த இரவுக்குள்ளாவது விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் மடிப்புகளில் பூஞ்சை பிடிக்கும். நான்கு பேர் உறங்கினால் மூச்சிலிருந்தே காலைக்குள் அரை லிட்டர் தண்ணீராவது துணியில் ஏறியிருக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைத்தே தூங்குங்கள், எவ்வளவு குளிரானாலும்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார். அவரும் ஜன்னலைச் சொல்லவில்லை, நிமிடத்தைச் சொல்கிறார். மின்சாரத்துக்கும் அடுப்புக்கும் இவ்வளவுதான் மிச்சம்.

பேட்டரி: லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடையில் ஈய பேட்டரியின் பாதிக்கும் குறைவு, பயன்படும் மின்சாரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பு. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யக்கூடாது, அதனால் பெட்டிக்கு உள்ளே வையுங்கள். அடுப்பு: மழை இல்லாத நாளெல்லாம் வெளியே சமையுங்கள், ஈரமும் வாடையும் உள்ளே வராது. எரிவாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், அதனால் அதை உணரும் கருவி தரைக்குப் பக்கத்தில். கார்பன் மோனாக்சைடு அப்படியில்லை, காற்றோடு கலந்து நிற்கும், அந்த எச்சரிக்கைக் கருவி தூங்குபவர்களின் தலைமாட்டுக்குப் பக்கத்தில். இரண்டும் வேறு வேறு கருவி, இரண்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அரைக்கிலோகூட வராது, நானே நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

வணக்கம்.