கறவைக் கை

வணக்கம் நேயர்களே.

நான் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து வந்திருக்கிறேன். விடியப் பால் கறந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அதில் என்ன அதிசயம் என்று நினைப்பீர்கள். போன மார்கழியில் இந்த வலது கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கூடத் தூக்க முடியவில்லை எனக்கு.

அறிவிப்பாளர் தம்பி என்னைப் 'பண்ணை உரிமையாளர்' என்று அறிமுகப்படுத்தினார். சிரிப்பு வந்தது. ஏழு எருமை, நாலு பசு, அவற்றின் கன்றுகள், ஒரு கொட்டில், ஒரு கிணறு. இவ்வளவுதான் பண்ணை. கணவர் காலமான பிறகு நானும் மகளும்தான் பார்க்கிறோம். மகள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ஆகவே, பார்ப்பது நான்தான்.

திருவாதிரைக்கு நாலு நாள் இருந்தது. இரவு முழுக்க மழை, வாடைக்காற்று. காலை நாலரை மணிக்கு ரோச் லைட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு கிணற்றடியிலிருந்து கொட்டிலுக்குப் போனேன். நடுவில் ஒரு பழைய சீமெந்துத் துண்டு. மாரி தொடங்கினால் அதில் பாசி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். இருபது வருடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மிதித்தேன். கால் முன்னால் போனது, உடம்பு பின்னால் போனது. கையை ஊன்றினேன்.

மணிக்கட்டு முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்து நின்றது. வைத்தியர்களும் அதே உவமையைத்தான் சொல்வார்களாம். கை ஊன்றி விழுகிறவர்களுக்கு வரும் இந்த முறிவை 1814-இல் ஏபிரகாம் கோலிஸ் என்ற அயர்லாந்து வைத்தியர் எழுதி வைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-இல். படம் இல்லாமல் தடவிப் பார்த்தே அந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார்.

மகள் உடனே ஒரு நல்ல காரியம் செய்தாள். தேங்காயெண்ணெய் தடவி என் காப்புகளைக் கழற்றிவிட்டாள். கால் மணி நேரம் பிந்தியிருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும், அப்படி வீங்கியது. மோதிரமும் அப்படித்தான். கையில் அடிபட்டால் முதல் வேலை அது.

அப்புறம் அயலவர்கள் வந்தார்கள். முறிவு வைத்தியரிடம் போ, எண்ணெய்க் கட்டுப் போட்டால் சரி என்றார்கள். நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன், என் அப்பாவின் கால் அதில்தான் பொருந்தியது. ஆனால் என் எலும்பு இடம் விலகியிருந்தது வெளியிலேயே தெரிந்தது, விரல் நுனியும் மரத்துப் போயிருந்தது. அதனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன், ஆட்டோவில், ஒவ்வொரு பள்ளத்துக்கும் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும் என்பது ஒருவருக்கும் அந்த நேரம் நினைவில் வரவில்லை. எலும்பை இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு கிழமை.

"யானைக்கும் அடி சறுக்கும்" என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சரிதான். ஆனால் யானை அடுத்த நாள் காலை பால் கறக்க வேண்டியதில்லையே.

பெரும்போக நேரம் வேறு. வயலெல்லாம் பயிர். ஒரு எருமை வரம்பு தாண்டினால் ஊரே பஞ்சாயத்துக்கு வந்துவிடும். ஆகவே கட்டி வைத்துப் புல் அறுத்துப் போட வேண்டும். என் தம்பியின் மகன் வந்து நின்றான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த பிள்ளை. "மாமி, நான் பார்க்கிறேன்" என்றான். புல் அறுத்தான், சாணி அள்ளினான், வைக்கோல் போட்டான். பசு நாலும் ஒரு மாதிரி ஒத்துக்கொண்டன. எருமைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அதிலும் கறுப்பி இருக்கிறாளே, அவள் பாலை அடக்கிக்கொண்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பால் மடியில் குடத்துத் தண்ணீர் மாதிரி நிற்பதில்லை. எருமைக்குப் பெரும்பகுதி உள்ளே சின்னச் சின்னப் பைகளில்தான் இருக்கும், காம்புக்கு மேலே தேங்கி நிற்பது கொஞ்சம். கன்று முட்டினால், பழகிய கை தடவினால், ஒக்சிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் வந்து அந்தப் பைகளைப் பிழியும். அதைத்தான் நாங்கள் சுரப்பு விடுகிறது என்கிறோம். அதுவும் சில நிமிடம்தான். மாடு பயந்தால், புதிய ஆளைக் கண்டு மிரண்டால், சுரப்பு வராது. நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் காம்புதான் புண்ணாகும். மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கு வழி.

மூன்றாம் நாள் கறுப்பியின் மடியில் ஒரு பக்கம் கல் மாதிரி. கறந்ததில் திரி திரியாக வந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார், அந்தப் பாலை விற்கவும் வேண்டாம், தயிருக்கு வைக்கவும் வேண்டாம் என்றார். அன்றைக்குத்தான் நான் அழுதேன். கை உடைந்தபோது கூட அழவில்லை.

பிறகு ஒரு வழி பிடித்தோம். என் பழைய சட்டையை மருமகனுக்குப் போட்டுவிட்டேன். மகள் குடை பிடிக்க, கறுப்பியின் கழுத்தடியில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்து, இடது கையால் தடவிக்கொண்டு வழக்கமாகக் கதைக்கும் கதையெல்லாம் கதைத்தேன். முதலில் கன்றை விட்டு ஊட்டி, சுரப்பு வந்ததும் அவன் கறந்தான். ஒன்பதாம் நாள் நான் எழுந்து போன பிறகும் பால் விழும் சத்தம் கேட்டது.

அந்த நாட்களில்தான் விளங்கியது, எந்த மாட்டுக்கு எப்போது சினை ஊசி போட்டது, எந்தக் கன்றுக்குப் பூச்சி மருந்து மிச்சம், எந்தக் கடை தயிர்ச் சட்டி திருப்பித் தரவில்லை, எல்லாம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தன என்று. மகள் ஒரு கொப்பி வாங்கி வந்து நான் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆசிரியை அல்லவா, சிவப்புக் கோடு வேறு போட்டாள்.

கனடாவில் என் மச்சாள் ஒருத்தி குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறாள். அவளும் முந்திய வருடம் உறைபனியில் வழுக்கிக் கணுக்காலை முறித்தவள். அங்கே தண்ணீர் கட்டியாகிவிடும். ஒரு குதிரை நாளைக்கு முப்பது, நாற்பது லீற்றர் குடிக்கும், குளிருக்குக் குறைத்துக் குடித்தால் குடல் அடைத்துவிடும், அதனால் கால் கட்டோடும் தண்ணீர் போகத்தான் வேண்டும் என்றாள். பனியில் சறுக்கிக்கொண்டு போகும் வண்டி மாதிரி ஒன்றில் வாளியை வைத்து இழுத்தாளாம். "மச்சாள், இரண்டு கையிலும் வாளி தூக்காதே, விழும்போது பிடிக்க ஒரு கை வேண்டும்" என்று திட்டினாள். பனிக்கு அவள் மணல் தூவுகிறாள். நான் பாசியைச் சுரண்டிவிட்டுக் கிரவல் கொட்டி, கொட்டில்வரை மூங்கில் கைபிடி கட்டினேன்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப் போட்ட கையை அசைக்காமல் கழுத்தில் மாட்டிய தூளியிலேயே வைத்திருந்தேன், அதுதான் ஓய்வு என்று நினைத்து. இரண்டு கிழமையில் விரல்கள் கருவாடு மாதிரி விறைத்துவிட்டன. உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிள்ளை ஏசினாள். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நிமிர்த்த வேண்டுமாம், தோளையும் அசைக்க வேண்டுமாம், படுக்கும்போது கையைத் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டுமாம். கட்டுப் பிரித்த பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஸ்பொஞ்சைப் பிழிந்தேன், ரொட்டிமாப் பிசைந்தேன். பிடி திரும்ப மாதக்கணக்கு. முதலில் காம்பு மெத்தென்ற பசுவில் நாலு பீச்சு, அடுத்த நாள் எட்டு, அப்படித்தான்.

வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, நீங்கள் பால் குடிப்பீர்களா?" நான் பேசவில்லை. இருக்கிற பால் எல்லாம் சட்டியிலும் கானிலும் போய்விடும், எங்கள் வீட்டில் பிளேன்டீதான். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும், சும்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தால் எலும்பின் பலத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தோம், மாத்திரையும் எடுக்கிறேன். இப்போது முதல் கோப்பை எனக்கு.

மருமகனுக்குப் போன மாதம் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கறுப்பி என்னை மறந்துவிட்டாள். நான் போய்க் காம்பைத் தொட்டால் திரும்பி ஒரு பார்வை, பாலை அடக்கிக்கொள்கிறாள். அதனால் இன்று விடியவும் அவன் விட்டுப்போன கிரிக்கெட் ரீசேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் கறந்தேன்.

நன்றி, வணக்கம்.