மிரட்டல் வந்த முதல் ஒரு மணி நேரம்

வணக்கம். "உன் அந்தரங்கப் படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன், பணம் கொடு" என்று இணையத்தில் மிரட்டுகிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இப்போதே அப்படி ஒரு மிரட்டல் வந்துகொண்டிருக்கலாம். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் அனுப்பாதீர்கள். இன்றைக்கே ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மிரட்டுகிறவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். அறிமுகமில்லாத கணக்கிலிருந்து நட்பு அழைப்பு வரும். கொஞ்ச நேரம் இனிக்க இனிக்கப் பேச்சு. அப்புறம் வீடியோ அழைப்பு. எதிரே தெரியும் முகம் பெரும்பாலும் முன்பே பதிவு செய்த காட்சி. உங்கள் முகம் மட்டும்தான் நிஜம். அழைப்பு முடிந்த கையோடு, அதில் உங்களை அந்தரங்கமாகப் பதிவு செய்த வீடியோவும் உங்கள் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் வந்து விழும். "பத்து நிமிடத்தில் பணம் வரவில்லையென்றால் இத்தனை பேருக்கும் போய்விடும்" என்பார்கள். ஏன் பத்து நிமிடம்? அதற்குள் நீங்கள் யாரிடமும் வாய் திறந்துவிடக் கூடாது. உங்கள் வெட்கம்தான் அவர்களுடைய முதலீடு.

கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்துவிட்டால் மறுபடியும் கேட்பார்கள்.

பதறிப்போய் உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. அவர்களுடைய கணக்கின் முகவரி, எண், பணம் அனுப்பச் சொன்ன விவரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்திலும் காவல்துறையிலும் புகார் செய்யுங்கள். பிறகு பிளாக் செய்யுங்கள். நண்பர் பட்டியலை மறைத்து வையுங்கள்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கும் ஒரு வழி உண்டு. 2021-இல் தொடங்கிய 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவசச் சேவையில் உங்கள் படத்தை யாருக்கும் அனுப்பவேண்டியதில்லை. படத்துக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு உங்கள் கருவியிலேயே உருவாகும். அந்தக் குறியீடு மட்டும்தான் வெளியே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தை அடையாளம் கண்டு தடுக்கும். 18 வயது ஆகுமுன் எடுத்த படமென்றால் 'டேக் இட் டவுன்' என்ற சேவை இருக்கிறது. இவற்றில் சேராத தளங்களை இரண்டும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் செய்துவிடுங்கள்.

"உன் கேமராவை ஹேக் செய்துவிட்டேன்" என்று பழைய கடவுச்சொல்லோடு மின்னஞ்சல் வந்தால், அது எங்கோ கசிந்த பட்டியலிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அவர்களிடம் எந்தப் படமும் இருக்காது. கடவுச்சொல்லை மாற்றுங்கள், பதில் போடாதீர்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளை வந்து சொன்னால், "ஏன் இப்படிச் செய்தாய்?" என்ற கேள்வியை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு அவனைத் தனியாக விடாதீர்கள். புகாரை நீங்களே எழுதுங்கள்.