பழைய சட்டையும் கொரில்லாவும்

நேயர்களே, வணக்கம். கிழிந்த சட்டை இருந்தால் வைக்கோல் திணித்துச் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டிவிடுவோம், இல்லையா? அந்தச் சட்டையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். வனவிலங்கு மருத்துவம் என்றாலே எனக்கு அந்தச் சட்டைதான் நினைவுக்கு வரும்.

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் புவிண்டி என்றொரு காடு. மலைக் கொரில்லாக்கள் வாழும் இடம். 1996இல் அங்கே சில கொரில்லாக்களுக்கு முடி கொட்டி, தோல் வெளுத்துச் செதில் செதிலாக உரிந்தது. பார்க்கப் போனவர் கிளாடிஸ் கலேமா ஸிகுசோகா. அந்நாட்டு வனவிலங்குத் துறையின் முதல் கால்நடை மருத்துவர், இளம்பெண். அவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போய், ஜனங்களுக்கு அதிகம் வரும் தோல் நோய் எது என்று விசாரித்தார். சிரங்கு என்று பதில் வந்தது.

சிரங்கேதான். குட்டி ஒன்று இறந்துபோனது. மற்றவற்றுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். நம் ஆட்டுக்குச் சொறி வந்தால் போடுகிறோமே, அதே மருந்து. பிழைத்துக்கொண்டன.

சரி, மனிதனின் சிரங்கு காட்டுக்குள் எப்படிப் போனது? கொரில்லாவுக்கு வாழைத்தண்டு என்றால் உயிர். காட்டை ஒட்டிய தோட்டங்களில் இறங்கிவிடும். அங்கே பொம்மை நிற்கும், பொம்மைக்கு யாரோ உடுத்திக் கழித்த சட்டை. அதைத் தொட்டுத்தான் தொற்றியிருக்க வேண்டும் என்று கண்டார்கள்.

மறுபடி சொல்கிறேன், துப்பாக்கி இல்லை, கண்ணி இல்லை, ஒரு பழைய சட்டை. சட்டைக்காரருக்கு நேரத்தில் மருந்து கிடைத்திருந்தால் அந்தக் குட்டி இருந்திருக்கும். கிளாடிஸ் இதை விடவில்லை. 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, காட்டோர ஊர்களின் ஆரோக்கியத்தையும் கொரில்லாவின் ஆரோக்கியத்தையும் சேர்த்தே கவனிக்கிறார்.

வனவிலங்கு டாக்டராக ஆசைப்படும் பிள்ளைகள் மயக்க ஊசித் துப்பாக்கியைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். நான் சாணத்தைப் பற்றிச் சொல்வேன். கொரில்லா தினமும் ராத்திரி புதுப் படுக்கை கட்டும். காலையில் அது போனபின், படுக்கையில் கிடக்கும் சாணத்தை எடுத்துச் சோதிக்கிறார்கள். விலங்கைத் தொடவே வேண்டாம்!

2018இல் அறிவித்த கணக்கில் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. நாம் எப்படி உதவலாம் என்று விரிவாகப் பேச நினைத்தேன், அதற்குள் நேரம் காட்டுகிறார்கள். ஒன்று, காபி. புவிண்டியைச் சுற்றியுள்ள விவசாயிகளிடம் நல்ல விலைக்கு வாங்கி ‘கொரில்லா கன்சர்வேஷன் காபி’ என்று விற்கிறார்கள்; அதில் ஒரு பங்கு இந்த வேலைக்குப் போகிறது. அப்புறம், அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கு: சளி பிடித்திருந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, கொரில்லா பார்க்கக் காட்டுக்குள் போகாதீர்கள். வணக்கம்.